மீதி முப்பது பேரு யாரு?

உக்காருங்க தம்பி. பையை மேல போட்டுட்டுத் தாராளமா உக்காருங்க. பஸ் ஏறுனதுல இருந்து நீங்க என்னையே பாக்கறதை நானும் கவனிச்சுட்டுத்தான் இருக்கறேன். எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்குதேன்னு யோசிக்கறீங்க, அதான? என்னது, ஜன்னல் சீட்டுக்குப் பாத்தீங்களா? அட, அப்படீங்களா. செரி, பரவால்ல. ஆனா நீங்க என்னையப் பாத்திருப்பீங்க. செல்லுல பாத்திருப்பீங்க. கொரோனா சமயத்துல ஒரு வீடியோ ஓடுச்சே, பச்சைச் சட்டை போட்டுட்டு ஒருத்தர் டாக்டரம்மாவை மடக்கிக் கேப்பாரு, "மீதி முப்பது பேரு யாரு?"ன்னு. ஞாபகம் வருதுங்களா? அது நாந்தானுங்க. பல்லடம் நாச்சிமுத்து. தாராபுரம் ரோட்டுல நாச்சிமுத்து மோட்டார்ஸ்னு போர்டு இருக்கும் பாருங்க, அது நம்ம கடை.

நீங்க எங்க போறீங்க? தாராபுரமா? நான் குண்டடத்துல எறங்கிக்குவேன். சம்சாரம் அங்க இருக்கறா. அவளைப் பாக்கத்தான் போறேன். வாராவாரம் போறனுங்க. அது ஒரு பெரிய அநியாயம், அதைச் சொல்றேன் கேளுங்க. படிச்ச பையனாத் தெரியறீங்க, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.

அந்த டிவி விசயம் எப்படி ஆரம்பிச்சுதுன்னா, எங்க ஏரியா கேபிள் டிவில பிரகதீஷ்னு ஒரு பையன். நியூஸ் வாசிக்கறது, விளம்பரம் புடிக்கறது, வயரு தொங்குனா ஏணி வெச்சு ஏறுறது, எல்லாம் அவந்தான். அவுங்க தோட்டத்து மோட்டாரு காயில் போயிருச்சுன்னு கடைக்கு வந்திருந்தான். நான் நாலு பேருகிட்டப் பேசிட்டிருந்தேன், இந்த ஊசியெல்லாம் ஏமாத்து வேலைன்னு. கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு, "அண்ணா, நீங்க டிவிக்கு வந்து பேசுங்கண்ணா"ன்னான். "நான் டாக்டரில்லையேப்பா"ன்னேன். "டாக்டரு ஏற்கனவே ஒருத்தங்க வர்றாங்கண்ணா. எதுத்துப் பேசத்தான் ஆளில்லை"ன்னான். பாத்தீங்களா? ஆளில்லீங்க. அம்பது மைல் சுத்துவட்டாரத்துல உண்மையைப் பேச ஒரு ஆளில்லை.

போனேன். எம்பேருக்குக் கீழ "சமூகச் சிந்தனையாளர்"னு போட்டானுங்க. நான் கேக்கலை, அவனாத்தான் போட்டான். எதுக்கால சுகாதார நிலையத்து டாக்டரம்மா, மதிவதனின்னு பேரு. சின்ன வயசு. தூக்கமில்லாத கண்ணு. பேசறதுக்கு முன்னாடி யோசிக்கற ரகம். டிவில யோசிச்சா முடிஞ்சுதுங்க.

அந்தம்மா சொல்லுச்சு, ஊசி போட்டா நோயே வராதுன்னு சொல்ல முடியாது, எழுபது பர்சண்டு பக்கம் காப்பாத்தும், ஆனா வந்தாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் போகாம, உசுருக்கு ஆபத்தில்லாம பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம்னு. நான் எந்திரிச்சேன். "ஏனுங்க டாக்டரம்மா, நான் முப்பது வருசமா மோட்டாரு விக்கறேன். எழுபது பர்சண்டு தண்ணி ஏறும், மீதி உங்க அதிர்ஷ்டம்னு சொல்லி ஒருத்தருக்கு மோட்டாரு வித்தா, அவுரு என்னைய அந்தக் கெணத்துலயே தள்ளிருவாரு. நூறு பேருக்கு ஊசி போட்டா எழுபது பேரு பொழைப்பாங்கன்னா, மீதி முப்பது பேரு யாரு? அவுங்க பேரைச் சொல்லுங்க!"ன்னேன்.

கை தட்டல்னா கை தட்டல்! டாக்டரம்மா, "ஐயா, அந்தக் கணக்குக்கு அர்த்தம் அது இல்லீங்க, ஊசி போடாதவங்களோட ஒப்பிட்டு..."ன்னு ஆரம்பிச்சுது. அந்த "ஒப்பிட்டு"லயே பிரகதீஷ் விளம்பர இடைவேளை உட்டுட்டான். கெட்டிக்காரப் பையன்.

அப்பறம் இன்னொன்னு சொன்னேன். அதுதான் நெம்பப் பிரபலம். "மனுசன் என்ன கோழியா, வரிசையாப் புடிச்சு நிறுத்திக் குத்தறதுக்கு?" அதுக்கு விசில் அடிச்சாங்க.

அந்தக் கோழி மேட்டர் எங்கிருந்து வந்துச்சுன்னா, எம்பட மச்சினன் சிகாமணிகிட்ட இருந்துதானுங்க. சம்சாரத்துக்கு ஒரே தம்பி. குண்டடத்துல கோழிப்பண்ணை வெச்சிருந்தான். எம்மேல அவனுக்கு அப்படி ஒரு மரியாதை. கோழிக்குப் புது செட்டுக் கொட்டாய் போடறதுன்னாலும் எங்கிட்டக் கேப்பான், புள்ளைய எந்தக் காலேஜுல சேத்தறதுன்னாலும் எங்கிட்டத்தான் கேப்பான். டிபேட்டுக்கு முந்தின ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வந்து, "மாமா, ஊசி போட்டுக்கலாம்னு இருக்கறேன், எனக்குச் சக்கரை வேற இருக்குதில்ல"ன்னான். "எதுக்குடா?"ன்னேன். "இல்லீங் மாமா, பண்ணைல குஞ்சு எறக்குனதும் மருந்து குடுக்கறோம். அப்பவும் நாலஞ்சு சாகத்தான் சாகுது. ஆனா குடுக்காம உட்டுட்டா செட்டே காலியாயிருமுங்க. அதே மாதிரிதான இதும்?"னான்.

"நீ என்ன கோழியாடா?"ன்னேன். வீடே சிரிச்சுது. அவனுஞ் சிரிச்சான். என்ற சம்சாரம் மயிலாத்தா மட்டும் சிரிக்கலை. அவ எப்பவுமே அப்படித்தான், நகைச்சுவை உணர்வு கம்மி.

அதையே டிவில சொன்னேன். பேரெல்லாம் சொல்லலீங்க, அந்த நாகரிகம் எனக்குத் தெரியும். "குண்டடத்துல கோழிப்பண்ணை வெச்சிருக்கற என்ற மச்சினன் ஒருத்தன்"னு மட்டுந்தான் சொன்னேன்.

அந்த வாரம் குண்டடம் பள்ளிக்கூடத்துல ஊசி முகாம். சிகாமணி போயி வரிசைல நின்னிருக்கறான். நாலஞ்சு பசங்க காம்பவுண்டுச் சுவத்து மேல உக்காந்துட்டு, "கொக்கரக்கோ"ன்னு கூவியிருக்கறாங்க. வரிசைல நின்னவங்களும் சிரிச்சிருக்கறாங்க. வெக்கப்பட்டுட்டுத் திரும்பி வந்துட்டான். எனக்குப் போன் பண்ணி, "மாமா, வந்துட்டனுங்க"ன்னான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு தம்பி. ஒரு கருத்தைச் சொல்லி, அது ஒரு மனுசனோட வாழ்க்கைல உடனே வேலை செய்யறதைப் பாக்கறது இருக்குதே, அந்தச் சந்தோசம் மோட்டாரு விக்கறதுல கெடையாதுங்க.

என்ன கேக்கறீங்க? நான் போட்டனான்னா? அதுக்குத்தான் வர்றேன். எல்லாரும் அங்கயே வந்து நிக்கறீங்க.

எங்க பொண்ணு கீர்த்தனா சிங்கப்பூர்ல இருக்கறா. அப்ப அவளுக்குப் பிரசவ நேரம். நாங்க போகோணும். டிராவல்ஸ்காரன் சொன்னான், ஊசி போட்டதுக்குச் சர்ட்டிபிகேட் கேட்டாலும் கேப்பாங்கன்னு. அதனால நானும் மயிலாத்தாளும் கோயமுத்தூர் போயி ஒரு தனியார் ஆஸ்பத்திரில போட்டுட்டு வந்தோம். ரண்டு தடவையும். டிபேட்டுக்கு முன்னாடி ஒன்னு, டிபேட்டுக்குப் பின்னாடி ஒன்னு. மாஸ்க்குப் போட்டிருந்ததால என்னைய யாருக்கும் அடையாளந் தெரியலை. மாஸ்க்குனால ஆன ஒரே பிரயோசனம் அதுதானுங்க.

இதுல என்னங்க தப்பு? கொள்கை வேற, பிரயாணம் வேற. வழில மயிலாத்தா, "இதைச் சிகாமணிகிட்டச் சொல்லிரலாமுங்க, அவனும் வந்து போட்டுக்கட்டும்"னா. "வாயைத் தொறக்காத, நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ற பேச்சுக்கு என்ன மரியாதை?"ன்னேன். அதுக்கப்பறம் ஏரோப்ளேனே ஓடலை. சிங்கப்பூர் போகவே இல்லை. அப்ப அந்த ஊசி எதுக்காச்சும் பிரயோசனப்பட்டுதா? அதைத்தானுங்க நான் ஆரம்பத்துல இருந்து சொல்லிட்டிருக்கறேன்.

வீடியோ ஓடு ஓடுன்னு ஓடுச்சு. மலேசியால இருந்தெல்லாம் போன் வந்துச்சு. ஒரு வியாபாரிங்க சங்கத்துல எனக்குப் பாராட்டு விழா வெச்சாங்க. மண்டபம் நெறைஞ்ச கூட்டம். மாஸ்க்குப் போட்டவங்களை உள்ளயே உடலை, மேடையை அவமதிக்கற மாதிரி ஆயிருமில்லீங்களா. சிகாமணிதான் காரு ஓட்டிட்டு வந்தான். பொன்னாடையெல்லாம் மடிச்சு மடிச்சு அவந்தான் கைல வாங்கி வெச்சுக்கிட்டான். "எங்க மாமா"ன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சான். பந்தில எம்பக்கத்துலதான் உக்காந்தான். அன்னைக்குக் கிச்சடி நல்லா இருந்துச்சு.

அடுத்த வாரம் எனக்குக் காச்சல். அவனுக்குங் காச்சல். ஆமாங்க, அதே நோவுதான். மயிலாத்தாளுக்கு லேசாத் தொண்டை கட்டுன மாதிரி இருந்து போயிருச்சு. எனக்கு மூணே நாள்தான். கபசுரக் கசாயம் குடிச்சேன், மொளகு ரசம் குடிச்சேன், சும்மா கிண்ணுன்னு எந்திரிச்சு உக்காந்துட்டேன். எங்க பரம்பரைக்கே ஒடம்புல எதிர்ப்புச் சத்து ஜாஸ்தி. அதே கசாயத்தைத்தான் சிகாமணிக்கும் தூக்குல ஊத்தி அனுப்பிச்சேன். அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. கலாமணி, அதான் அவன் சம்சாரம், போன் பண்ணி அழுவறா. எந்த ஆஸ்பத்திரிலயும் பெட்டு இல்லை. அந்தச் சமயத்துல எங்கயுமே இல்லீங்களே, உங்களுக்கே தெரியும்.

அப்ப மயிலாத்தா என்ன பண்ணுனா தெரியுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அந்த மதிவதனி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுட்டா. எதிர்த் தரப்புங்க அது! நான் அத்தனை பேரு முன்னாடி வாயடைக்க வெச்ச ஆளுகிட்டப் போயி என்ற சம்சாரம் உதவி கேட்டா எனக்கு எப்படி இருக்கும்? அந்தம்மாவும் நாலு எடத்துக்குப் பேசி, திருப்பூர்ல ஒரு பெட்டு வாங்கிக் குடுத்திருச்சு. செரி, நல்லதுதான். இல்லைன்னு சொல்லலை. ஆனா அதுக்குள்ளயும் ஒரு அரசியல் இருக்குதுங்க தம்பி, பாத்துக்குங்க.

கலாமணிக்கும் காச்சல் இருந்ததால மயிலாத்தாதான் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனா. நான் வீட்டுல தனியா. அப்பத்தான் பிரகதீஷ் மறுபடியும் கூப்பிட்டான். "அண்ணா, ரண்டாவது டிபேட்டு வெக்கலாம், எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க, ஊரடங்குனால வீட்டுல இருந்தே செல்லுல பேசிருங்க"ன்னான். அதே பச்சைச் சட்டையைப் போட்டுட்டு உக்காந்தேன். கீழ லுங்கிதான். அது தெரியாதுங்களே.

அன்னைக்கு நான் பேசுன மாதிரி என்னைக்கும் பேசுனதில்லீங்க. நேராவே கேட்டேன்: "டாக்டரம்மா, ஒரே மண்டபம். ஒரே பந்தி. ஒரே கசாயம். ரண்டு பேருக்கும் நோவு வருது. ஒருத்தன் மூணு நாள்ல எந்திரிச்சு உங்ககூடப் பேசிட்டிருக்கறான். இன்னொருத்தன் மூச்சுக்குத் திண்டாடறான். இதுக்கு உங்க அறிவியல் என்ன பதில் சொல்லுது?"

டாக்டரம்மா என்னைய உத்துப் பாத்துது. செல்லுல பாத்தாலும் உத்துப் பாக்கறது தெரியுமில்லீங்களா? அப்பறம் மெதுவா, "நீங்க ஊசி போட்டிருக்கீங்களா ஐயா?"ன்னு கேட்டுது.

"அது என்ற தனிப்பட்ட விசயம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க"ன்னேன். எப்படி மடக்குனேன் பாத்தீங்களா?

உடனே பிரகதீஷ், "இப்போது ஒரு நேயர் இணைப்பில் இருக்கிறார்"னான். டிவில மட்டும் அப்படித்தான் பேசுவான். "வணக்கம், சொல்லுங்கம்மா, எங்கிருந்து பேசறீங்க?"

"ஆஸ்பத்திரி வராந்தாவுல இருந்துங்க."

கொரலைக் கேட்டதுமே செல்லைக் காதுகிட்டக் கொண்டு போனேன்.

"உங்க பேரும்மா?"

"மயிலாத்தா."

"கேள்வி யாருக்கும்மா?"

"அந்தப் பச்சைச் சட்டைக்காரருக்குங்க."

தம்பி, இத்தனை வருசக் குடும்பத்துல அவ என்னைய எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்லை. கடைல ஆளுங்க இருந்தா வெளிய வந்துகூட நிக்க மாட்டா. அவ டிவில பேசறா.

"ஏனுங்க, நாம ரண்டு பேரும் கோயமுத்தூர் போயி ஊசி போட்டுட்டு வந்தமுங்களே. ரண்டு தடவை. அதை எந்தம்பிகிட்ட எதுக்குங்க சொல்லலை?"

நான் செல்லு சவுண்டைக் கம்மி பண்ணப் பாத்தேன். அது ஜாஸ்தியாயிருச்சு.

"உங்க ஒரு வார்த்தையை நம்பி வரிசைல இருந்து திரும்பி வந்தானுங்க. நானும் உங்க பேச்சைக் கேட்டுட்டு அவங்கிட்டச் சொல்லாம உட்டுட்டேன். அதை நான் என்னையக் கேட்டுக்கறேன், தெனமும் கேட்டுட்டுத்தான் இருக்கறேன். உங்களை வீட்டுல கேட்டா செல்லைப் பாத்துட்டே ம்ம்ங்கறீங்க. அதனாலதான் இங்க வந்து கேக்கறேன். சொல்லுங்க."

நேரலைங்க. எத்தனை சனம் பாத்துட்டிருக்குது! சும்மா இருக்க முடியுமா? நான் யோசிக்கவே இல்லை, சட்டுன்னு சொன்னேன்: "மயிலு, புரியாமப் பேசாத. நான் ஊசி போட்டது ஒடம்புக்கில்லை, பாஸ்போர்ட்டுக்கு!"

இப்பவும் சொல்றேன், அது நல்ல பாயிண்டு. ஆனா அன்னைக்கு யாரும் கை தட்டலை. வீட்டுல இருந்து பேசறதுல அதுதானுங்க கொறை, கூட்டமிருக்காது. பிரகதீஷ் சிரிப்பை அடக்க முடியாம மேசைக்குக் கீழ குனிஞ்சுட்டான். டாக்டரம்மா மட்டும் சிரிக்கலை. நேரா மயிலாத்தாகிட்ட, "அம்மா, தம்பிக்கு இப்ப எப்படி இருக்குது?"ன்னு கேட்டுது. "ஆக்சிஜன் வெச்சிருக்கறாங்க கண்ணு. வெச்சும் அளவு ஏற மாட்டேங்குது"ன்னா மயிலாத்தா. அப்படியே போனை வெச்சுட்டா. உடனே விளம்பரம் போட்டானுங்க. என்ன விளம்பரம்ங்கறீங்க? "நாச்சிமுத்து மோட்டார்ஸ், நம்பி வாங்கலாம்." ஸ்பான்சரு நாந்தான.

அடுத்த நாளு சிகாமணியே எனக்குப் போன் பண்ணுனான். பேசவே முடியலை, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல அவ்வளவு நேரமாகுது. டிவி விசயம் ஏதாச்சும் கேப்பான்னு நான் பதிலெல்லாம் தயாரா வெச்சிருந்தேன். அவன், "மாமா... உங்களுக்கு... நல்லாயிருச்சுங்களா?"ன்னு மட்டுங் கேட்டான். "நல்லாயிருச்சுடா"ன்னேன். "செரிங் மாமா"ன்னான். அவ்வளவுதான். வேற எதுவுங் கேக்கலை. நல்ல பையனுங்க.

அந்த வாரமே போயிட்டான். சக்கரை இருந்துச்சுங்களே. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?

மூஞ்சியக்கூடக் காட்டலை. பொட்டலம் மாதிரி கட்டிக் குடுத்தாங்க. ஒறம்பரை சொந்தத்துல நாலு பேருதான் போனோம். நான் கிட்டப் போயி நின்னேன். கலாமணி என்னையப் பாத்தா. கத்துவா, திட்டுவான்னு நெனச்சேன். மண்டபத்துல குடுத்த பொன்னாடையெல்லாம் அவுங்க வீட்டுக் காருலயே கெடந்துச்சு போல, அதையெல்லாம் ஒரு கட்டைப் பைல போட்டு எங்கைல குடுத்துட்டு அந்தப் பக்கமாப் போயிட்டா.

அதுக்கப்பறம் ஊர்ல எனக்கு வெச்ச பேரு "பாஸ்போர்ட்டு மாமா". ரண்டாவது வீடியோ மொதல் வீடியோவை உட ஜாஸ்தி ஓடிருச்சு. கடைக்கு வர்றவன் மோட்டாரு வெலையக் கேட்டுட்டு, "இது பாஸ்போர்ட்டுக்கா, கெணத்துக்கா?"ங்கறான். நீங்ககூடச் சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. பழகிருச்சு. அந்த வியாபாரிங்க சங்கம் இருக்குதே, எனக்கு மாலை போட்ட அதே சங்கம், அதே மண்டபத்துல இலவச ஊசி முகாம் நடத்துச்சுங்க. தொறந்து வெக்க டாக்டரம்மாவைக் கூப்புட்டாங்க. இவுங்களை நம்பித்தான் நான் பொது வாழ்க்கைக்கு வந்தேன்.

மயிலாத்தா காரியத்துக்குக் குண்டடம் போனவதான். கலாமணிக்குத் துணையா இருக்கறேன்னு சொன்னா. செரி, ஒரு மாசம் இருக்கட்டும்னு உட்டேன். ஒரு மாசம் போச்சு, வருசமும் போச்சு. இப்பப் பண்ணைய அவளும் கலாமணியுந்தான் பாக்கறாங்க. சிங்கப்பூர்ல இருந்து பேரன் வீடியோ கால்ல வர்றதும் அவ செல்லுக்குத்தான். "அப்பா, அம்மாகூட ஒட்டுக்கா இருக்கறப்பக் கூப்புடுங்க, ரண்டு பேரும் ஒன்னாப் பாக்கலாம்"ங்கறா கீர்த்தனா. எப்படிப் பேசறா பாருங்க புள்ளை.

நான் உடலீங்க. வாராவாரம் போறேன். போன வாரம் போனப்ப அவ பண்ணை கேட்டுக்கு வெளிய வந்தா. ஒரு கல்லு பெஞ்சு இருக்குது, அதுல உக்கார வெச்சா. நானும் வரிசையா எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். ஒன்னு, நான் யாரு கையையும் புடிச்சுத் தடுக்கலை, கருத்துத்தான் சொன்னேன். ரண்டு, ஊசி போட்டும் செத்தவங்க இருக்கறாங்க, போடாம இருந்தும் நல்லாருக்கறவங்க இருக்கறாங்க. மூணு, புருசங்காரனை டிவில வெச்சுக் கேக்கறது எந்த ஊரு மொறை? அரை மணி நேரம் பேசிருப்பேன். கோர்வையா, ஒரு எடத்துலயும் திக்காமப் பேசுனேன். அவ எல்லாத்தையும் கேட்டா. கேட்டு முடிச்சுட்டு,

"சாப்டீங்களா?"ன்னா.

"இல்லை"ன்னேன்.

உள்ள போயி தட்டுல சோறு போட்டுக் கொண்டுவந்து வெச்சா. கத்திரிக்காய்க் கொழம்பு. நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் அங்கயே நின்னா. ஒரு தடவை கொழம்பு ஊத்துனா. தட்டை எடுத்துக் கழுவுனா. கேட்டைச் சாத்திட்டு உள்ள போயிட்டா.

அவ்வளவுதானுங்க. நான் சொன்ன பாயிண்டு ஒன்னுக்குக்கூடப் பதிலில்லை. திட்டுனாலும் பரவால்லீங்க, எதுத்துப் பேசுனா நான் பேசிக்குவேன். எத்தனை பேரை மடக்கியிருக்கறேன்! இதுக்கு என்னங்க அர்த்தம்? பதில் சொல்ல முடியலைன்னா நான் ஜெயிச்ச மாதிரிதான? அப்பறம் எதுக்குங்க ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறி வீட்டுக்கு நான் ஒத்தையாவே திரும்பி வர்றேன்?

கண்டக்டர், குண்டடம் ஒன்னு எறங்கணும், நிப்பாட்டுங்க! செரிங்க தம்பி, வர்றேன். நீங்க நகந்து ஜன்னலோரமா உக்காந்துக்குங்க. இன்னைக்கு அவளுக்குன்னு புதுசா ஒரு பாயிண்டு யோசிச்சு வெச்சிருக்கறனுங்க.